ஒன்பதாம் கேள்வியை யார் படிக்கிறார்கள்?

கல்லூரி திறந்த சில வாரங்களில் முதலாண்டு மாணவர்களின் வாட்ஸாப் குழுவில் ஓர் இணைப்பு வந்து விழுகிறது. திறந்தால் கூகுள் ஃபார்ம். பெயர், ரோல் நம்பர், டிபார்ட்மென்ட் கேட்டுவிட்டு நேராகக் கேள்விகளுக்குப் போகிறது. தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, படிப்பில் மனம் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே போய், ஒன்பதாவதாக, இருப்பதைவிடச் செத்துப்போவது மேல் என்றோ உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் தோன்றியது என்று கேட்கிறது. கேன்டீனில் டீ ஆறுவதற்குள் நிரப்பி அனுப்பிவிடலாம். அனுப்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை. இப்படிப்பட்ட படிவத்தால் எந்த மாணவர் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சரியாகத் தமிழாக்கப்படாத படிவம் எதை அளக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனாலும் அதற்கு ஒரு பயன் இருக்கிறது: சொல்ல வாய் வராத ஒன்றைச் சொல்ல அது ஒரு முதல் வரியைத் தருகிறது. அந்த வரிக்குப் பதில் பேச ஆள் வைத்திருக்கும் கல்லூரிதான் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். ஆள் இல்லாத கல்லூரி கேட்கக் கூடாது.

கல்லூரிகள் இப்படிப் படிவங்களைத் தேடி ஓடுவதற்குக் காரணம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். பள்ளி மாணவர்களும் சேர்ந்த எண்ணிக்கை இது. மாநில வரிசையில் மகாராஷ்டிரம் 1,764 மாணவர்களுடன் முதலிடத்திலும் தமிழ்நாடு 1,416 மாணவர்களுடன் அடுத்த இடத்திலும் இருந்தன. 2025 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் உயர்கல்வி நிறுவனங்களில் நிகழும் இம்மரணங்களை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு ஜூலை மாதம் வேறொரு வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆலோசகரை நியமிக்கப் பணம் வேண்டும், அறை வேண்டும், தகுதியுள்ள ஆள் கிடைக்க வேண்டும். படிவத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஆகவே கடினமான வேலையை ஒத்திவைத்துவிட்டு எளிய வேலையில் தொடங்கும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரும்.

படிவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. மேலே சொன்ன ஒன்பது கேள்விகள் பி.ஹெச்.க்யூ-9 என்ற பெயரில் உலகெங்கும் புழங்குபவை. ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் க்ரோன்கே ஆகியோர் உருவாக்கிய இதன் அடிப்படை ஆய்வு 2001இல் வெளியானது. அமெரிக்க மருத்துவ நிலையங்களுக்கு வந்த 6,000 பேர் இதை நிரப்பினார்கள். அவர்களில் 580 பேரை மனநல வல்லுநர் தனியே பேட்டி கண்டு ஒப்பிட்டார். மொத்தம் 27 மதிப்பெண். 10ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்ற கோடு அங்கேதான் போடப்பட்டது. ஒன்பதாம் கேள்விக்கு மட்டும் என்ன பலம் என்று கிரெகரி சைமன் குழுவினர் 2013இல் பார்த்தார்கள். அமெரிக்காவில் சிகிச்சைக்கு வந்த 84,418 பேரின் பதில்களையும், அடுத்த ஓராண்டில் அவர்களுக்கு நேர்ந்ததையும் பொருத்திப் பார்த்தார்கள். அப்படி ஓர் எண்ணமே இல்லை என்றவர்களில் 0.4 விழுக்காட்டினர் அந்த ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். கிட்டத்தட்ட தினமும் தோன்றுகிறது என்றவர்களில் அது 4 விழுக்காடு. இறந்தவர்கள் முதல் குழுவில் 0.03 விழுக்காடு, இரண்டாவதில் 0.3. பத்து மடங்கு வேறுபாடு என்பது சாதாரணமல்ல. அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கும் மாணவர் ஏதோ ஒன்றை உண்மையாகவே சொல்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். தினமும் தோன்றுகிறது என்று எழுதியவர்களில் 1,000 பேருக்கு 997 பேர் அந்த ஆண்டில் அப்படி இறக்கவில்லை. சல்லடையாகப் படிவத்தைப் பயன்படுத்த நினைப்பவர் தடுக்கி விழும் இடம் இதுதான். கணக்கு சின்னது, பள்ளிப் பிள்ளையே போட்டுவிடலாம். இந்தியாவில் 2022இல் லட்சம் பேருக்கு 12.4 பேர் தம்மை மாய்த்துக்கொண்டார்கள். ஏறத்தாழ அதே விகிதத்தை 10,000 மாணவர்கள் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பொருத்தினால் ஆண்டுக்கு ஒருவர். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் ஓர் அற்புதமான படிவம் நம்மிடம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்படி ஒன்று எங்கும் இல்லை. அது அந்த ஒருவரைப் பெரும்பாலும் பிடித்துவிடும். மீதி 9,999 பேரில் பத்தில் ஒரு பங்கினரையும், அதாவது 1,000 பேரையும், ஆபத்திலிருப்பவர்கள் என்று அடையாளம் காட்டும். கையில் 1,001 பெயர் கொண்ட பட்டியல். எந்தப் பெயர் அது என்று படிவம் சொல்லாது. மரணத்தை விட்டுவிட்டு முயற்சியை எடுத்துக்கொண்டால் கணக்கு கொஞ்சம் கைகொடுக்கிறது. எட்டு நாடுகளில் 19 கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்கள் 13,984 பேரிடம் நடந்த உலக சுகாதார நிறுவன ஆய்வில், முந்தைய 12 மாதங்களில் தற்கொலை எண்ணம் வந்ததாக 17.2 விழுக்காட்டினரும் முயன்றதாக 1 விழுக்காட்டினரும் சொன்னார்கள். நம் கற்பனைப் பல்கலைக்கழகத்தில் அது 100 பேர். அற்புதப் படிவம் அவர்களில் 90 பேரைப் பிடிக்கும்; கூடவே மற்ற 990 பேரையும் பிடிக்கும். பட்டியலில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்ந்த 4,800 பேரை அலெக்ஸ் போகார்னி பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1983இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் 67 பேர் தம்மை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த அளவுகோல்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தும் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைத்தான் அடையாளம் காண முடிந்தது. அதற்கு விலையாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தவறாகச் சுட்ட வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகளில் நடந்த 365 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஜோசப் ஃபிராங்க்ளின் குழு, நம் முன்கணிப்புத் திறன் நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல் என்று 2017இல் எழுதியது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் தந்த வழிகாட்டுதலில், எதிர்காலத் தற்கொலையை முன்கூட்டிச் சொல்ல இத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று நேரடியாகவே சொல்லிவிட்டது.

ஒரே ஓர் உயிரைக் காப்பாற்றினாலும் போதாதா, ஆயிரம் பேரைக் கூடுதலாக விசாரித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. நியாயம் என்னவென்றால், தவறாகச் சுட்டப்பட்ட அந்த ஆயிரம் பேர் உண்மையில் நலமாக இருப்பவர்கள் அல்லர். மரணக் கணக்கில் மட்டும்தான் அவர்கள் தவறு. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், இருந்து என்ன ஆகப்போகிறது என்று கிடக்கும் பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர். அவர்களுக்கும் உதவி வேண்டும். பிழை என்னவென்றால், அந்த உதவியை யார் செய்வது என்ற கணக்கு இந்தக் கேள்வியில் இல்லை. ஓர் ஆலோசகர் நாளைக்கு ஐந்து பேரிடம் நிதானமாகப் பேசலாம். ஆயிரம் பேரை ஒருமுறை பார்த்து முடிக்க 200 வேலை நாட்கள், அதாவது ஒரு முழுக் கல்வியாண்டு, ஆகும். உதவி உடனே தேவைப்பட்டவர் 180ஆம் நாள் வரிசையில் நிற்கலாம். அதைவிடக் கொடியது எதிர்ப்பக்கம். எல்லாக் கேள்விக்கும் பூச்சியம் போட்டவரைப் பற்றி இனி யாரும் கவலைப்பட மாட்டார்கள். மருத்துவமனையில் இருந்தபோதோ வெளியே வந்த உடனேயோ தம்மை மாய்த்துக்கொண்ட 76 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2003இல் வெளிவந்தது. கடைசியாகக் கேட்டபோது அப்படி எண்ணம் எதுவும் இல்லை என்று சொன்னவர்கள் 78 விழுக்காட்டினர். மருத்துவர் எதிரே உட்கார்ந்து கேட்டபோதே இந்த நிலை. ரோல் நம்பர் எழுதிய படிவத்தில் என்ன எதிர்பார்க்க முடியும்?

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கு வரும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது, அதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. இதே ஒன்பது கேள்விகளில் முதலாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரியத்திலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமை என்று அது தமிழாகிறது. எதிரே உள்ள முதல் விடை ‘ஒரு நாளும் இல்லை’ என்றிருக்கும். இல்லாமை இல்லை என்றால் ஆர்வம் இருக்கிறது என்று பொருள். ஆனால் ஆர்வமே வற்றிப்போன பிள்ளை, ‘எதிலும் ஆர்வம்... ஒரு நாளும் இல்லை’ என்று இயல்பாகச் சேர்த்து வாசித்து அதே கட்டத்தில் டிக் அடித்துவிடும். மிகவும் வாடியிருப்பவர் பூச்சியம் வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்த கேள்வியில் ‘மனச்சோர்வு’ வருகிறது. அந்தச் சொல் இப்போது நோயின் பெயராகிவிட்டது. நோய் இருக்கிறதா என்று நோயாளியையே கேட்பது போலாகிறது. நோயின் பெயராக அதைக் கேட்டறியாத மாணவர் அதில் சோர்வை மட்டும் பார்ப்பார், களைப்பைப் பற்றிப் பின்னால் வரும் கேள்விக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கேயும் சொல்வார். ‘நம்பிக்கையின்மை’ என்றால் நாளை விடியும் என்ற நம்பிக்கை இல்லாமையா, கூட இருப்பவர்மேல் நம்பிக்கை இல்லாமையா, கடவுள் நம்பிக்கையா? எழுதியவர் மனதில் முதலாவது. வாசிப்பவர் மனதில் எதுவும் இருக்கலாம்.

ஒன்பதாம் கேள்வி மூலத்திலேயே இரட்டைக் கேள்வி. சாவே மேல் என்று தோன்றுவதும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ள நினைப்பதும் வெவ்வேறு நிலைகள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டம். தமிழில் ‘காயப்படுத்துதல்’ வேறு பக்கமும் இழுக்கிறது. நாம் மனசைக் காயப்படுத்துவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். ‘தற்கொலை’ என்று வெளிப்படையாகக் கேட்கும் படிவங்களில் வேறொரு தொல்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது. அது செய்தித்தாளின் சொல், காவல் நிலையத்தின் சொல். தன் மனதில் ஓடுவதை எந்த மாணவரும் அந்தச் சொல்லால் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில்லை. ‘எதுக்குடா இருக்கேன்னு தெரியல’, ‘தூங்கினா அப்படியே போயிட்டா தேவல’, ‘யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்னு தோணுது’ என்பதுதான் உள்ளே ஓடும் மொழி. மறுபுறம், இன்டர்னல் மார்க் குறைந்ததற்கும் பேருந்து தவறியதற்கும் ‘செத்துடலாம் போல இருக்கு’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் மொழியும் இதே மொழிதான். ஒரே வாக்கியத்தில் இருக்கும் விளையாட்டையும் வேதனையையும் குரல் பிரித்துக் காட்டும், முகம் பிரித்துக் காட்டும். காகிதத்தால் முடியாது. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கும் எஸ்.பி.க்யூ-ஆர் என்ற நான்கு கேள்விப் படிவத்தில், அது சும்மா ஒரு கணம் வந்துபோன எண்ணம் என்று ஒரு விடை உண்டு. நம் பேச்சில் எந்த எண்ணத்தையும் ‘சும்மா தோணுச்சு’ என்று சொல்லித்தான் வெளியே விடுகிறோம், அது சும்மா இல்லாதபோதும்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கத்தான் பின்மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள். ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விவரித்த முறை, இன்றும் ஆய்வேடுகளில் தவறாமல் இடம்பெறுவது. இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: சொல்லுக்குச் சொல் வைத்த மோசமான தமிழாக்கம் இந்தத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். மனச்சோர்வை அளக்க 1977இல் வெளியான சி.இ.எஸ்-டி என்ற படிவத்தில் துயரத்தை நீல நிறத்தின் பெயரால் குறிக்கும் ஆங்கில வழக்கு ஒன்று வருகிறது. அதை அப்படியே நீலம் என்று தமிழாக்கினால் திரும்பப் போகும்போது அச்சு மாறாமல் அதே ஆங்கிலச் சொல் வந்து நிற்கும். தமிழ் வாசகருக்கு அது ஒன்றுமே சொல்லியிருக்காது. ரோசன்பெர்க்கின் தன்மதிப்பு அளவுகோலில், என்மீது எனக்கு இன்னும் கூடுதல் மதிப்பு இருக்கக் கூடாதா என்று ஏங்கும் வாக்கியம் ஒன்று உண்டு. மூலத்தில் அது தன்மதிப்புக் குறைவின் அடையாளம். பல மொழிகளில் அது நல்ல ஆசையாகவே வாசிக்கப்பட்டு, மற்ற வாக்கியங்களோடு ஒட்டாமல் தனித்து நின்றிருக்கிறது.

தமிழ் என்பதும் ஒரே தமிழ் அல்ல. சென்னையில் ‘கவலை’ என்றால் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற எண்ணம். யாழ்ப்பாணத்தில் ‘கவலையா இருக்கு’ என்றால் துக்கமாக இருக்கிறது. இங்கே ‘யோசிக்காதீங்க’ என்றால் தயங்காதீர்கள். அங்கே ‘யோசிக்காதேங்கோ’ என்றால் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அந்த ‘யோசனை’ உலகின் பல மொழிகளில் மனவேதனைக்குப் பெயராக இருப்பது. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் அளவுக்கு மீறி யோசிப்பதைக் குறிக்கும் ‘குஃபுங்கிசிசா’ என்ற சொல் மக்களிடையே மனநோயின் பெயராகவே வழங்குவதை மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவருடைய தோழர்களும் கவனித்தார்கள். ஆங்கிலப் படிவம் எதையும் ஷோனாவுக்குக் கொண்டுவராமல், மக்கள் பேச்சிலிருந்தே கேள்விகளை எடுத்து 1997இல் புதிதாக ஓர் அளவுகோல் செய்தார்கள். பின்னாளில் டிக்சன் சிபாண்டா அங்கே தொடங்கிய ‘நட்புப் பெஞ்சு’ என்ற மனநல ஆலோசனைத் திட்டத்தில் அந்தக் கேள்விகளின் ஒரு வடிவம்தான் பயன்படுகிறது. கேட்பவர்கள் ஊர்ப் பாட்டிமார். தமிழுக்கு அப்படியொரு வேலை பெரிதாக நடக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. குறைந்தபட்சம், ஒவ்வொரு கேள்வியையும் படித்தவுடன் இதில் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என இருபது முப்பது மாணவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பிள்ளையிடமும் தர்மபுரிப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். அதன் பிறகு, அமெரிக்காவில் போட்ட 10 என்ற கோடு இங்கே செல்லுமா என்பதை மருத்துவர் பேட்டியோடு ஒப்பிட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். கோட்டை இறக்குமதி செய்துவிட்டு, தமிழ் மாணவர்களில் இத்தனை விழுக்காட்டினர் ஆபத்தில் என்று தலைப்புச் செய்தி தருவது அறிவியல் ஆகாது.

கல்லூரியில் ஆங்கில வழியில்தானே படிக்கிறார்கள், ஆங்கிலப் படிவத்தையே கொடுத்துவிடலாமே என்ற யோசனையும் எழும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு, வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, வகுப்பில் நடப்பது பாதி புரியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய வேதனைக்கு ஒரு காரணமே அந்த ஆங்கிலம்தான். பக்கத்தில் இருப்பவர் என்ன டிக் அடிக்கிறார் என்று பார்த்து அவரும் அடிப்பார். தேர்வு எழுதும் ஆங்கிலம் வேறு, தன் மனதைச் சொல்லும் மொழி வேறு. இரண்டு மொழியையும் கொடுத்து விரும்பியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். ஆனால் இரண்டிலும் வரும் மதிப்பெண்கள் ஒரே பொருள் தருகின்றனவா என்பதையும் சோதித்தாக வேண்டும்.

கேட்டாலே எண்ணத்தை விதைத்ததாகாதா என்ற அச்சம் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஆழமாக இருக்கிறது. இதற்கு மட்டும் தயங்காமல் பதில் சொல்லலாம்: ஆகாது. நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டு மேடலின் கூல்ட் குழுவினர் பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், கேட்கப்பட்டவர்களிடம் மனவருத்தமோ அந்த எண்ணமோ கூடவில்லை. முன்பே வேதனையில் இருந்தவர்களுக்குச் சற்று ஆறுதலாகவே இருந்ததாகத் தெரிந்தது. ஆகவே கேட்பது ஆபத்தில்லை. கேட்டுவிட்டுக் காணாமல் போவதில்தான் ஆபத்து. இரவு பதினோரு மணிக்கு விடுதி அறையில் படுத்துக்கொண்டு, முதன்முதலாக ஒருவர் உண்மையை ஒரு கட்டத்தில் டிக் அடித்து அனுப்புகிறார். ‘உங்கள் பதில் பதிவுசெய்யப்பட்டது’ என்று திரையில் வருகிறது. மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அது ஆண்டறிக்கையில் ஒரு வரைபடமாகிறது. சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அந்தப் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும்? ஆய்வுக்காகத்தான், பெயர் கேட்கவில்லை என்று சொல்லி இதிலிருந்து தப்பவும் முடியாது. பெயர் இல்லாதபோது உதவிக்கு ஓட வழியே இல்லை. அப்படியான கணக்கெடுப்பில் ஒன்பதாம் கேள்வி எதற்கு என்று ஆய்வு நெறிக்குழு கேட்டாக வேண்டும்.

பெயர் கேட்டால் வேறு கதவு அடைபடுகிறது. அந்த எக்செல் கோப்பு யார் கணினியில் இருக்கிறது? டியூட்டரிடமா, ஹெச்.ஓ.டி.யிடமா, வார்டனிடமா? வீட்டுக்குப் போன் போகுமா, விடுதியை விட்டு அனுப்பிவிடுவார்களா, ஸ்காலர்ஷிப் போய்விடுமா, பிளேஸ்மென்ட்டில் தெரியவருமா? மாணவர் இதையெல்லாம் ஒரு நொடியில் யோசித்துவிட்டுப் பூச்சியம் போடுகிறார். அது அறியாமை இல்லை, நல்ல கணிப்பு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைத் தண்டிக்காமல் கவனிக்கச் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில், அந்த முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் இல்லை. ஆனால் டிபார்ட்மென்ட் கணினியில் கிடக்கும் கோப்பு எவருடைய சிகிச்சைக் குறிப்பும் அல்ல. அதற்கு என்ன காவல் என்று கல்லூரி எழுத்தில் சொல்லாதவரை மாணவரின் பூச்சியத்தைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

எது பயன் தந்திருக்கிறது என்று பார்த்தால் திசை தெளிவாகிறது. ஐரோப்பாவில் பத்து நாடுகளின் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களைக் கொண்டு டானுட்டா வாசர்மன் தலைமையில் நடந்த சேயில் ஆய்வின் முடிவு 2015இல் லான்செட் இதழில் வந்தது. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். சிலவற்றில் படிவம் கொடுத்து, கோட்டைத் தாண்டியவர்களை வல்லுநரிடம் வரச்சொன்னார்கள். சிலவற்றில் மாணவர்களையே உட்காரவைத்து, நான்கு வாரத்தில் ஐந்து மணி நேரம், மனநெருக்கடியை நடித்தும் பேசியும் பழக்கினார்கள். ஓராண்டுக்குப் பின் ஒப்பீட்டுக் குழுவில் 1.51 விழுக்காட்டினர் புதிதாக முயன்றிருக்க, பேசிப் பழகிய மாணவர்களில் அது 0.70 விழுக்காடு. படிவம் கொடுத்த பள்ளிகளில் அப்படித் தெளிவான குறைவு தெரியவில்லை. கோட்டைத் தாண்டி அழைக்கப்பட்டவர்களில் பாதிப்பேர்கூட வல்லுநரைப் பார்க்க வரவில்லை. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு அது, 2008இல் வெளியானது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதியினரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை தொடர்புகொண்டு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு. அவர்கள் கல்லூரி மாணவர்கள் அல்லர், முன்பே முயன்றவர்கள். வேறு ஊர்களில் பின்னர் நடந்த சோதனைகள் எல்லாம் இத்தனை பெரிய வேறுபாட்டைக் காட்டவும் இல்லை. இருந்தாலும், ஓர் ஆள் திரும்பத் திரும்ப விசாரிப்பது என்ன செய்யக்கூடும் என்பதற்குச் சென்னையிலேயே கிடைத்த சாட்சி அது.

ஆள் பற்றாக்குறைதானே சிக்கல், அதனால்தானே படிவம் என்று கேட்பார்கள். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் பற்றாக்குறை இருக்கும்போது 10,000 பேருக்கும் ஒரே நாளில் படிவத்தை அனுப்புவதுதான் மிக மோசமான வழி. ஆலோசகரால் வாரத்துக்கு இருபது பேரைப் பார்க்க முடியுமென்றால், வாரத்துக்கு இரண்டு வகுப்புக்குக் கொடுங்கள். காலையில் நிரப்பியதை அன்று மாலைக்குள் ஒருவர் படிக்கட்டும். ஒன்பதாம் கேள்வியில் பூச்சியம் தவிர எது வந்தாலும், மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல், அன்றே கூப்பிட்டு உட்காரவைத்து ‘சாப்டியாப்பா?’ என்று தொடங்கட்டும். படிவம் ‘நீங்கள்’ என்று கேட்டதை ஓர் ஆள் ‘என்னம்மா ஆச்சு’ என்று கேட்கும்போதுதான் பதில் வரும். கணினியின் செயற்கை நுண்ணறிவு இதைச் சரிசெய்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. பதிவுகளை அலசி அது பட்டியலைக் கொஞ்சம் சுருக்கலாம். அரிதாக நிகழும் ஒன்றை முன்கூட்டிச் சொல்வதில் உள்ள அதே கணக்குச் சிக்கல் அதற்கும் உண்டு.

படிவம் மறைத்துவிடும் இன்னொன்றும் உண்டு. அதில் உள்ள ஒன்பது கேள்வியும் மாணவரைப் பற்றியவை. கல்லூரியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அரியர் விழுந்தால் ஓராண்டு வீணாகுமா, கட்டணம் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட்டை நிறுத்துகிறார்களா, சாதியைச் சொல்லிச் சீண்டினால் புகார் எடுபடுமா என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றவர் ஓராண்டை இழக்காமல் உடனே துணைத் தேர்வு எழுதலாம் என்று தமிழ்நாடு கொண்டுவந்த மாற்றத்துக்கு, சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986இல் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை வந்தபின் நாட்டின் தற்கொலை விகிதம் 1995இன் உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டிலும் யாரையும் படிவம் நிரப்பச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு கல்லூரி கேட்கத்தான் போகிறது என்றால், ஒன்பதாம் கேள்விக்கு மேலேயே, கொட்டை எழுத்தில், தமிழில், நான்கு விஷயங்களை அச்சிட வேண்டும். இதைப் படிக்கப்போகிறவரின் பெயர். எத்தனை மணி நேரத்துக்குள் படிப்பார் என்பது. அவர் யாரிடம் சொல்வார், யாரிடம் சொல்ல மாட்டார் என்பது. அதுவரை காத்திருக்க முடியாதவருக்கு, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசக்கூடிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416.